ஒரே வீட்டில் இரண்டு தலைக்கவசங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிய பழக்கமோ சட்டமோ ஊருக்குள் நுழையும்போது சிலர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வதற்கும் சிலர் முரண்டு பிடிப்பதற்கும் அவரவர் குணம் எவ்வளவு காரணம் என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

என் இரண்டு மகன்களையும் ஒரே கண்டிப்போடுதான் வளர்த்தேன். மூத்தவன் தலைக்கவசம் அணியாமல் வண்டியை வாசலை விட்டு இறக்குவதே இல்லை. இளையவன் அதைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றுகிறான். போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். இது பிறவிக் குணமா, என் வளர்ப்பின் கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

ஐயா, முதலில் உங்கள்மீது நீங்களே சுமத்திக்கொண்ட பழியை இறக்கி வையுங்கள். இரட்டையர்களைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், மனிதர்களுக்கிடையே காணப்படும் குண வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபு வழியே வருவதாகக் காட்டுகின்றன. மிச்சமுள்ள பங்கிலும், ஒரே வீட்டில் வளர்ந்ததால் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் ஆவது மிகக் குறைவு என்பதுதான் பெற்றோர்களுக்கு நம்பக் கடினமான செய்தி. ஒரே தாழ்வாரத்தில் படுத்து, ஒரே பிரம்புக்கு அஞ்சி வளர்ந்த இருவர் இரு வேறு மனிதர்களாக வளர்வதே வழக்கம்.

குணத்தை அளப்பதற்கு உளவியலாளர்கள் இன்று பெரிதும் பயன்படுத்தும் அளவுகோல்கள் ஐந்து: புதியதை நாடும் திறந்த மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் புறமுக இயல்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. உங்கள் மூத்த மகனிடம் பொறுப்புணர்வு மிகுந்திருக்கலாம், அல்லது இணக்கம் மிகுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொறுப்புணர்வால் அணிகிறவர் ஆளில்லாத சாலையிலும் அணிவார். இணக்கத்தால் அணிகிறவரோ, நண்பர்கள் நால்வர் வெறுந்தலையோடு கிளம்பும் நாளில் தானும் கழற்றிவிடக்கூடும். ஆகவே மூத்தவரைப் பற்றி முற்றிலும் நிம்மதி கொள்வதற்கு முன், அவர் தம் நண்பர்களோடு குற்றாலம் போகும்போது என்ன செய்கிறார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இளையவரிடம் நீங்கள் காண்பதற்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு. தன் கையிலிருந்த ஒரு சுதந்திரத்தை யாரோ பறிக்கிறார்கள் என்று உணரும் கணத்திலேயே அந்தச் சுதந்திரம் முன்னைவிட இனிப்பதையும், பறிப்பவர்மேல் எரிச்சல் மூள்வதையும் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் ‘எதிர்வினை மனநிலை’ என விரிவாக விளக்கினார். 1970களின் தொடக்கத்தில், ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமிப் பகுதியில் பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் தடை செய்யப்பட்டது. தடை வந்த மயாமியில் இருந்தவர்களையும், தடை இல்லாத டாம்பா நகரத்தவரையும் ஆய்வாளர்கள் கேட்டபோது, கிடைக்காமல் போன தூளை மயாமிக்காரர்களே கூடுதலாகப் புகழ்ந்தார்கள். நேற்றுவரை கடை அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த தூள், தடை வந்த மறுநாளே வெள்ளாவி வைத்ததுபோல் வெளுக்கத் தொடங்கிவிட்டது! இந்த எரிச்சல் எல்லோருக்கும் உண்டு என்றாலும், அது மூளும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவது தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. கணக்குப் பார்க்கும் குணமுள்ளவர்களை அபராதம் திருத்தும். உங்கள் இளைய மகனைப் போன்றவர்களுக்கோ அது எந்தச் சந்திப்பில் எந்த நேரத்தில் போலீசார் நிற்பார்கள் என்ற நுட்பமான அறிவை மட்டுமே வளர்க்கும். அவர் கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், மன்னிக்க வேண்டும் ஐயா, அந்தத் தலைக்கவசத்தைத் தலையிலிருந்து டாங்குக்குத்தான் நகர்த்துகிறது. அவரையே கடைக்கு அனுப்பி, அவருக்குப் பிடித்த நிறத்தில் பிடித்த வடிவத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பறிபோன தேர்வு உரிமையில் ஒரு சிறு பகுதி கைக்குத் திரும்பினாலும் முரண்டு இளகும்.

மேலே உள்ளதைப் போன்ற கேள்விதான். ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்பார்களே, கடைக்குட்டிகள்தான் கலகக்காரர்களாகிறார்கள் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?
– வங்கி ஊழியர், திருச்சி

ஃபிராங்க் சல்லோவே என்ற ஆய்வாளர் 1996இல் அப்படித்தான் வாதிட்டார். அறிவியல் புரட்சிகளை ஆதரித்தவர்களில் பின்னால் பிறந்தவர்களே அதிகம் என்றார். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வில், பிறப்பு வரிசைக்கும் நான் மேலே சொன்ன குணங்களுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒப்பிடும்போது மூத்தவருக்கு எப்போதும் வயதும் பொறுப்பும் கூடுதலாக இருப்பதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. பழமொழி எதுகைக்காகப் பிழைத்துக்கொண்டது.

வகுப்பில் ஆஷ் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார்கள். மனிதர்கள் எல்லோருமே ஆட்டுமந்தைதான் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். அப்படியானால் தனிமனிதக் குணம் என்று ஒன்றுக்கு இடமே இல்லையா?
– பொறியியல் கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

அந்தப் பரிசோதனையைக் கற்பிப்பவர்கள் பலரும் அதன் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மணி அடித்ததும் வெளியேறிவிடுகிறார்கள். முழுவதையும் பார்ப்போம். சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட ஆய்வு அது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் அட்டையின் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் முன்கூட்டியே பேசி வைத்தபடி குறிப்பிட்ட 12 சுற்றுகளில் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். தம் முறை வரும்போது அந்த அப்பாவி என்ன செய்தார் என்பதுதான் ஆய்வு.

ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார்கள் என்பது நீங்கள் கேட்ட பாதி. அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை சரியானவையே என்பதும், நான்கில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூட வளைந்து கொடுக்கவில்லை என்பதும் கேட்காத பாதி. எல்லாச் சுற்றுகளிலும் வளைந்தவர்கள் வெகு சிலரே. அறை ஒன்று, கோடுகள் ஒன்று, அழுத்தமும் ஒன்று. ஆனாலும் ஒருவர் பன்னிரண்டு முறையும் நிமிர்ந்து நிற்கிறார், இன்னொருவர் பத்து முறை குனிகிறார். அந்த இடைவெளியில்தான் குணம் குடியிருக்கிறது.

எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது, பிறகு ஆஷ் அவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டவை. வளையாதவர்கள் எல்லோரும் வீரர்கள் அல்லர். சிலர் தம் கண்களை முழுதாக நம்பியவர்கள்; சிலர் கூட்டத்தோடு ஒட்டாமல் தமக்குள் ஒதுங்கி வாழ்பவர்கள்; வேறு சிலரோ, ‘நான்தான் தவறோ’ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே, ‘கண்ணுக்குப் பட்டதைச் சொல்லத்தானே கூப்பிட்டார்கள்’ என்று கடமைக்காகச் சரியான விடையைச் சொன்னவர்கள். அதேபோல் வளைந்தவர்களிலும் தம் பார்வையையே சந்தேகித்தவர்கள் உண்டு. சரியான விடை தெரிந்தும், ஆய்வைக் கெடுத்துவிடக் கூடாது, தனித்துத் தெரிந்துவிடக் கூடாது என்று மென்று விழுங்கியவர்களும் உண்டு. செயலைப் பார்த்துக் குணத்தைக் கணிப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்பது இதிலிருந்து தெரியும்.

சூழ்நிலைக்கும் பங்கு உண்டு. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது வளைவது பெரிதும் குறைந்தது. கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அப்படியே. அந்தத் துணை கிடைத்ததும், நேற்றைய கோழைகள் பலர் நிமிர்ந்துவிட்டார்கள். ஆஷின் முறையில் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியான ஆய்வு, குடும்பத்தையும் குழுவையும் முன்னிறுத்தும் சமூகங்களில் இந்த வளைவு அதிகம் என்றும், அமெரிக்காவில் 1950களுக்குப் பிறகு அது குறைந்து வந்திருக்கிறது என்றும் கண்டது. ஆட்டுமந்தை என்ற முடிவைத் தேர்வுத் தாளில் எழுதாதீர்கள்.

என் கணவர் கல்லூரி நாளிலிருந்தே மேடையில் புரட்சி பேசுபவர். எங்கள் மகள் புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தவர் அவர்தான். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதையே மந்திரமாகச் சொல்லி வாழ்ந்த என் மாமியாரோ, ‘குழந்தை இஷ்டம் அதுதான்னா அப்படியே நடக்கட்டும்’ என்று காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். இவர்களில் யார் அடங்கிப்போகிறவர், யார் கலகக்காரர் என்று எனக்குப் புரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. காரணம், நீங்கள் குறிப்பிடும் இந்தத் திருமண முறையே ஒரு புதிய வழக்கம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு குணங்களைக் கேட்டது என்பதற்கு நல்ல சாட்சி.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். புரோகிதர் இல்லாத திருமணங்களும் அந்த ஆண்டுகளில்தான் பரவின. அப்படி மணந்தவர்கள் உறவினரின் ஏச்சை மட்டும் தாங்கவில்லை. சடங்குகள் இல்லாத அத்தகைய திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை, மனைவி மக்களின் சொத்துரிமைகூடக் கேள்விக்குள்ளாகும் என்ற அபாயத்தோடுதான் அவர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நாளில் அதைச் செய்யத் தனிக் குணம் வேண்டியிருந்தது. புதியதை நாடும் திறந்த மனம் மட்டும் போதாது. இழப்பைத் தாங்கும் உறுதியும், நாலு பேரின் பேச்சைக் காதோரம் விட்டுவிடும் இயல்பும் தேவைப்பட்டன. கூடவே, ஆஷின் அறையில் கிடைத்த அந்த ஒற்றைத் துணையைப்போல, தோழர்களின் கூட்டமும் மாநாட்டுப் பந்தலும் அவர்களுக்கு இருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. இன்று பெயரின் பின்னால் சாதியைப் போடாமல் இருப்பது தமிழகத்தில் எந்தக் குணத்தையும் கேட்பதில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இனிஷியலும் பெயரும் எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. 1929இல் கலகமாக இருந்தது இன்று வெறும் வழக்கம். மாறாக, சமூக வலைத்தளப் பக்கத்தில் தன் பெயரோடு சாதிப் பட்டத்தை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் இன்றைய இளைஞர், தன்னை ஒரு கலகக்காரராகவே கருதிக்கொள்கிறார்! முரண்டு என்பது ஒரு விசை மட்டுமே. அது எந்தத் திசையில் இழுக்கும் என்பதைக் குணம் தீர்மானிப்பதில்லை. நான் முரண்டர்களைப் போற்றுவதற்கு எப்போதும் சற்றுத் தயங்குவது இதனால்தான்.

ஒரு வழக்கம் நிலைபெறாமல் ஊசலாடும் நாள்களில்தான் குணத்தின் கை ஓங்கியிருக்கிறது. யாரும் ஏற்காத காலத்தில் அச்சமும், எல்லோரும் ஏற்றுவிட்ட காலத்தில் பழக்கமும் பெரும்பாலோரை நடத்திச் செல்கின்றன. உங்கள் மகளின் திருமணம் சட்டப்படி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்ற முறை. ஆனால் உங்கள் உறவுக்குள் அது இன்னும் ஊசலாடும் முறை. அதனால்தான் இருவரின் குணமும் இப்போது வெளியே தெரிகிறது.

இனி உங்கள் கணவரைப் பற்றி. மார்க் ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1974இல் ஒரு குணக்கூற்றை அளக்க வழி கண்டார்: தன்னைச் சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று இடைவிடாமல் கவனித்து, அதற்கேற்பத் தன் பேச்சையும் நடையையும் திருத்திக்கொள்ளும் தன்மை. இது மிகுந்தவர் புரட்சிக்காரர்கள் கூடிய மேடையில் புரட்சிக்காரர். பங்காளிகள் கூடிய திண்ணையில் பங்காளி. அவர் பொய்யர் அல்லர். இரண்டு இடங்களிலும் அவர் உண்மையாகவே இணங்கிப்போகிறார், எதிரில் இருக்கும் கூட்டம்தான் மாறுகிறது. உங்கள் மாமியாரின் மந்திரத்திலிருந்த நாலு பேரில் இன்று எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வயது ஏற ஏற மனிதர்களிடம் பொதுவாக இணக்கம் கூடுகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அவர் பேத்திக்கு இணங்கினார். அந்த இணக்கம்தான் ஊரின் கண்ணுக்குக் கலகமாகத் தெரிகிறது. திருமணப் பேச்சை உங்கள் கணவரிடம் தனியாகத் தொடங்காமல், அவருடைய பழைய தோழர்கள் இரண்டு பேரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் தொடங்குங்கள்.

மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பை தர முடியாது என்றால் சிலர் சரி என்கிறார்கள். சிலர் சண்டைக்கு வருகிறார்கள். ஒருவர் அரிசியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லோரையும் எப்படிச் சமாளிப்பது?
– கடைக்காரர், தேனி

ஒரே பேச்சில் எல்லோரையும் சமாளிக்க முடியாது என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. இந்த இரண்டு அறிவிப்புகளும் எல்லோர் காதிலும் ஒன்றுபோல் விழவில்லை.

மஞ்சப்பை என்பது ஒரு காலத்தில் ஏளனச் சொல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜவுளிக்கடைப் பெயர் அச்சடித்த அந்தப் பையோடு நகரத்துப் பேருந்திலிருந்து இறங்குகிறவரைப் ‘பட்டிக்காடு’ என்று மதிப்பிட ஒரு கணம் போதும். பிறர் பார்வைக்கு அஞ்சுகிறவர்கள்தாம் அதை முதலில் தூக்கி எறிந்து பளபளக்கும் பைக்கு மாறினார்கள். இயக்கம் தொடங்கி, துணிப்பை பெருமைக்குரியதாக மாறியதும், அவர்களில் பலர்தாம் முதலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளருக்குச் சட்டம் பேசாதீர்கள். அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் கையிலுள்ள துணிப்பையை அவர் கண்ணில் படச் செய்யுங்கள், போதும்.

பொறுப்புணர்வு மிக்கவர்களுக்குப் பெரும்பாலும் நினைவூட்டல்தான் தேவை. அவர்கள் பையை வீட்டுக் கதவின் பின்னால் மாட்டி வைத்துவிட்டு மறந்து வருகிறவர்கள். கணக்குச் சீட்டின் அடியில் ஒரு வரி அச்சடித்தால் அடுத்த முறை கொண்டுவந்துவிடுவார்கள்.

அரிசியை வைத்துவிட்டுப் போனவர் இருக்கிறாரே, அவர் நம் விருதுநகர் இளைஞரின் உறவு. என் தெருமுனைக் கடையில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தேன். ‘பை இல்லையா? அப்ப உன் பருப்பும் வேண்டாம்’ என்று போன பெரியவர் ஒருவர், மறுநாள் காலை பச்சை நிற ஒயர் கூடையோடு வந்து, கடைக்காரரைப் பார்க்காமலேயே, ‘ஒரு கிலோ துவரம் பருப்பு’ என்றார். கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் எடை போட்டார். ‘பார்த்தீர்களா, நேற்றே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால், அந்தக் கூடை வேறு கடைக்குப் போயிருக்கும். ‘துணிப்பை பத்து ரூபாய், காகிதப் பை சும்மா, இல்லையென்றால் அட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது, எது வேண்டும்?’ என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எல்லோரையும் எடைபோடும் நீங்கள் எந்த வகை?
– வாசகர், காரைக்குடி

கேள்வியிலேயே கொஞ்சம் காரம் தெரிகிறது, நியாயமான காரம்தான். யுபிஐ 2016இல் அறிமுகமானது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நான் சட்டைப்பையில் சில்லறையோடு திரிந்து, கைப்பேசியில் பணம் செலுத்துவதால் மனிதர்களுக்கிடையே பேச்சு குறைந்துபோகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன். அதைக் கொள்கை என்றே நம்பினேன். ஒருநாள் தேநீர்க் கடையில் நூறு ரூபாய்த் தாளை நீட்டியபோது, கடைக்காரர் தலை நிமிராமல் டீயை ஆற்றிக்கொண்டே, ‘சில்லறை இல்ல சார், ஸ்கேன் பண்ணுங்க’ என்றார். பின்னால் ஆறு பேர் கைப்பேசியோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கொள்கை அந்த ஆறு பேரின் மௌனத்தை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞர் எனக்காகப் பன்னிரண்டு ரூபாயைச் செலுத்திவிட்டு, செயலியை எப்படி இறக்குவது என்று அங்கேயே சொல்லிக்கொடுத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் எண்ணைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின்மேல்தான் இருந்தது.